மறதி நோய்க்கு மருந்து. ஏலத்தோட்டத்தில் நஞ்சு: குறி ஒரே நொதி

புது தில்லி: அல்சைமர் என்னும் மறதி நோய்க்கு வழங்கப்படும் டோனெபெசில் மாத்திரையும், இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களில் தெளிக்கப்பட்டுவந்த குயினால்பாஸ் பூச்சிக்கொல்லியும் குறிவைப்பது ஒரே நொதியைத்தான். அதன் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ்.

நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் அசிட்டைல்கோலினைச் சிதைப்பது இந்நொதியின் வேலை. மறதி நோயாளியின் மூளையில் அசிட்டைல்கோலின் குறைந்துவிடுவதால், மருந்து நொதியை ஓரளவு தடுத்து, எஞ்சியதைக் காக்கிறது; பிறகு நொதியை விட்டுவிடுகிறது. குயினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு எளிதில் விடுவதில்லை. வியர்வை, பார்வை மங்கல், வாந்தி, மூச்சுத்திணறல் என விளைவுகள் நீள்கின்றன. பூச்சிக்கொல்லியால்தான் மறதி நோய் வருகிறது என்று இதற்குப் பொருளல்ல, அது நிறுவப்படவில்லை.

மருந்துக்கு முதல் சோதனை மூளைக்குள் நுழைவதே. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பு, பெரும்பாலான மூலக்கூறுகளை வெளியிலேயே நிறுத்திவிடும். அமெரிக்காவில் 1993-ல் அனுமதி பெற்ற டாக்ரின் உள்ளே சென்றது. கல்லீரலைப் பாதித்ததால் ஓரங்கட்டப்பட்டது. 1996-ல் வந்த டோனெபெசில் நிலைத்தது. அதுவும் அறிகுறிகளைச் சற்றுத் தணிக்குமே தவிர நோயை நிறுத்தாது.

நோயின் வேரையே அறுக்கும் நோக்கில், அமிலாய்டு புரதம் உருவாகத் துணைபோகும் பீட்டா செக்ரிடேஸ் நொதியை நிறுவனங்கள் குறிவைத்தன. வெருபிசெஸ்டாட் மூளைக்குள் நுழைந்தது, அமிலாய்டையும் குறைத்தது. நினைவாற்றல்தான் மேம்படவில்லை. தொடக்க நிலை நோயாளிகளுக்கு நிலைமை மோசமானதாகவே ஆய்வு முடிவுகள் காட்டின. 2017, 2018-ல் அதன் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 2019-ல் எலென்பெசெஸ்டாட்டும் கைவிடப்பட்டது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுக்கான புதிய மருந்து எப்போது வரும் என்பது ஆய்வகங்களின் கையில் உள்ளது. சாந்தன்பாறை வட்டாரத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தேவையானது, நொதியின் அளவைக் காட்டும் சாதாரண ரத்தப் பரிசோதனை. அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை.

1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கு மாற்றாக 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, 2021-ல் நிலைக்குழுவுக்குச் சென்றது. 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய 2020 மே மாதம் வெளியான வரைவு ஆணையில் குயினால்பாஸ் இடம்பெற்றிருந்தது. 2023-ல் இறுதி ஆணை வந்தபோது முழுத் தடை பெற்றவை டைகோபால், டைனோகேப், மெத்தோமில் ஆகிய மூன்றே. குயினால்பாஸ் முழுத் தடை பெறவில்லை; ஆனால் ஏலத்தில் அதைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது.