சொல் கேட்காத நாய்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள். நடக்க வேண்டாம், நின்றால் போதும். இரண்டு மாநில பஸ்களும் ஆட்டோக்களும் காதுக்குள்ளேயே ஓடும். பார்வை இல்லாதவர்கள் இதைத்தான் கடந்து போகிறார்கள். பல நாடுகளில் இதற்குத் துணையாக வழிகாட்டி நாய் உண்டு.

நாய் எதைப் படிக்கிறது?

வழி நாய்க்குத் தெரியாது, ஆளுக்குத்தான் தெரியும். சிக்னலின் நிறம் பார்த்தும் அது சாலையைக் கடப்பதில்லை. வண்டிச் சத்தத்தைக் கவனித்து “போ” என்று சொல்பவர் மனிதர். நாயின் வேலை வேறு. நேர்கோட்டில் நடக்கும், படியோ நடைபாதை விளிம்போ வந்தால் நின்றுவிடும், கதவையும் காலி இருக்கையையும் காட்டும். முதுகில் கட்டிய விறைப்பான கைப்பிடி வழியே அதன் ஒவ்வொரு அசைவும் கைக்குத் தெரியும்.

கடினமான பாடங்கள் இரண்டு. தாழ்ந்த பலாக்கிளைக்கு அடியில் நாய் சுலபமாக நுழைந்துவிடலாம், கூட வருபவரின் நெற்றி இடிக்கும். ஆகவே தனக்கு மேலே உள்ள உயரத்தையும் கணக்கில் எடுக்கப் பழகுகிறது. இரண்டாவது, சொல் கேளாமை. “போ” என்றாலும் வண்டி வந்தால் நகராது. மற்ற நாய்களுக்குக் கீழ்ப்படியக் கற்றுக்கொடுப்போம், இதற்கு எப்போது மறுக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்!

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கிய பள்ளிதான் இதற்கு முன்னோடி.

நம் ஊரில் கைத்தடிதான்

இந்தியாவில் இந்த நாய்கள் மிக அபூர்வம். நடைபாதை இல்லாத சாலை, கொதிக்கும் தார், குரைத்து வரும் தெருநாய்கள் என்று நம் பக்கத்தில் அவற்றுக்கு இடைஞ்சல் ஏராளம். நமக்கு வெள்ளைக் கைத்தடிதான் நடைமுறை. திருவனந்தபுரத்தில், பார்வையற்றவரான டிஃபனி பிரார் நிறுவிய ஜ்யோதிர்கமயா அமைப்பு தனியாக நடமாடும் பயிற்சியைத் தருகிறது. வலது கால் முன்னே போகும்போது தடியின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும், இடது காலுக்கு வலப்பக்கம். அடுத்த அடி விழும் இடத்தைத் தடி முன்கூட்டியே பார்த்துவிடும்.

ஆனால் தடிக்குப் பலாக்கிளை தெரியாது. அது மரத்துக்குச் சொந்தக்காரர் வெட்ட வேண்டிய கிளை.

தடிக்கு முன் டாக்டர்

பார்வை மங்கினால் முதலில் கண் பரிசோதனை. புரையால் போன பார்வை பெரும்பாலும் அறுவை சிகிச்சையில் திரும்பிவிடும். கண்நீர் அழுத்த நோயில் போனது திரும்பாது, மிச்சத்தைக் காக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

கை கொடுப்பது எப்படி?

பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தடியையும் பிடிக்காதீர்கள். “கூட வரட்டுமா?” என்று கேளுங்கள். சரி என்றால், உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும், அரை அடி பின்னால் வருவார். படி வந்தால் ஏற்றமா இறக்கமா என்று சொல்லுங்கள். ஓடைமேல் போட்ட ஒற்றைக் கல் வந்தால், அவர் பிடித்திருக்கும் கையை உங்கள் முதுகுப்பக்கம் கொண்டுபோங்கள். அவர் உங்களுக்கு நேர் பின்னால் வந்துவிடுவார்.