பெயர் சுட்டாமை: ஒகுரா அச்சோவியத் தொடரும் அகத்திணை மரபும்

முன்னுரை

செவ்விலக்கியம் ஓவியமாகும்போது பாடலின் பொருளே வரையப்படுகிறதா, பாடலின் துணைகொண்டு வேறொன்று உணர்த்தப்படுகிறதா என்பது ஒப்பியல் ஆய்வில் கருதத்தக்க வினாவாகும். ஜப்பானிய ஓவியர் மூவர் இணைந்து உருவாக்கிய ‘ஒகுரா நசொராஎ ஹியாகுனின் இஷ்ஷு’ என்னும் மரக்கட்டை அச்சோவியத் தொடரை அகத்திணையின் பெயர் சுட்டாமை விதியோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தொடரின் அமைப்பு

‘ஹியாகுனின் இஷ்ஷு’ என்பது புலவர் ஒருவருக்கு ஒரு பாடல் வீதம் நூறு பாடல்களைக் கொண்ட தொகைநூல். 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புஜிவாரா நொ தெய்க்கா இதனைத் தொகுத்ததாகக் கருதுவர். இதனை அடியொற்றி, ஏறத்தாழ 1845 முதல் 1848 வரை, இபாயா சென்சபுரோ என்னும் பதிப்பாளர் எடோ நகரில் நூறு அச்சோவியங்களை வெளியிட்டார். அவற்றுள் குனியோஷி 51, ஹிரோஷிகே 35, குனிசதா 14 ஓவியங்களை வரைந்தனர். தாளின் மேற்பகுதியில் பழம்பாடல் அமைய, கீழே கபுகி நாடகத்திலிருந்தோ வரலாற்றுக் கதையிலிருந்தோ ஒரு காட்சி அமையும். ‘நசொராஎ’ என்பதற்கு ஒப்புமைப்படுத்தல் என்பது பொருள். பாடலுக்கும் காட்சிக்கும் உள்ள தொடர்பைக் காண்பவரே உய்த்துணர வேண்டும்.

பல கைகளின் படைப்பு

ஓவியர் மெல்லிய தாளில் தீட்டிய கோட்டோவியத்தைச் செதுக்குநர் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்குவார். மூலத்தாள் அதிலேயே அழிந்துவிடும். வண்ணங்களுக்குத் தனித்தனிக் கட்டைகள் உண்டு. பலகையில் வெட்டிய பொருத்துகுறிகளில் தாளை வைத்து அச்சிடுநர் தேய்த்தெடுப்பார். முதலீடும் ஒருங்கிணைப்பும் பதிப்பாளருடையவை. புலவர் ஐவர் நூறு நூறாகப் பாட, கூடலூர் கிழார் தொகுக்க, யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்த ஐங்குறுநூற்றின் உருவாக்கம் இங்கு நினைக்கத்தக்கது. எனினும் சேர மன்னன் புரவலன், இபாயாவோ வணிகர்.

மறைப்பும் வெளிப்பாடும்

தென்போ சீர்திருத்தத்தின்போது, 1842இல், நடிகர், கணிகையர் உருவங்களை அச்சிடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதன் நிழலில் எழுந்த இத்தொடரில் நடிகர் பெயர்கள் இல்லை. ஆயினும் முகச்சாயல் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. பழம்பாடல் கண்ணியமான போர்வையாயிற்று.

அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. அங்குப் பெயரின்மை அரசாணைக்கு அஞ்சியதன்று. காதலை எல்லார்க்கும் பொதுவாக்குவது. எனவேதான் நெடுநல்வாடையில் பெயர் இல்லாதபோதும், வேலில் கட்டிய வேம்பு பாண்டியனைச் சுட்டிவிடுவதால் நச்சினார்க்கினியர் அதனைப் புறமாகக் கொண்டார். எடோவில் முகம் செய்த வேலையை இங்கு வேம்பு செய்தது. புறத்திலோ பெயரே வேண்டப்படுவது. கிருஷ்ணகிரி மாவட்டத்து எழுத்துடைய நடுகற்களில் உருவமும் வீரன் பெயரும் ஒரே கல்லில் நிற்பது இதற்குச் சான்று.

முடிவுரை

இரு மரபுகளிலும் பெயர் சொல்லப்படுவதில்லை. ஆனால் அடையாளக் குறிப்பு அகப்பாடலின் திணையையே மாற்றிவிடுகிறது. அச்சோவியத்திலோ அதுவே காண்பவரின் சுவைக்கும் விற்பனைக்கும் காரணமாகிறது. எனவே பெயரின்மையை ஒரே உத்தியாகக் கொண்டு ஒற்றுமை காண்பது போதாது. அது யாருக்காக, எதன்பொருட்டு மேற்கொள்ளப்பட்டது என்பதையும் ஒப்பாய்வு வினவ வேண்டும்.