பட்டா இருந்தால் போதுமா? மனை வாங்கும் முன் மாஸ்டர் பிளானை ஏன் பார்க்க வேண்டும்?

"பட்டா இருக்கு, பத்திரம் இருக்கு, வில்லங்கமும் இல்ல. அப்புறம் என்ன?" மனை வாங்கும்போது பலரும் கேட்பது இதுதான். ஆனால் இந்த ஆவணங்கள் நிலம் யாருடையது என்பதை மட்டுமே சொல்லும். அங்கே என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டம்.

மாஸ்டர் பிளான் என்றால் என்ன?

ஒரு நகரம் அடுத்த சில பத்தாண்டுகளில் எப்படி வளர வேண்டும் என்பதற்கான சட்டப்பூர்வ வரைபடமே மாஸ்டர் பிளான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் கீழ் இது தயாரிக்கப்படுகிறது. சென்னைப் பெருநகரில் இதைச் செய்வது சிஎம்டிஏ. பிற ஊர்களில் இந்தப் பணியைக் கவனிப்பது டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம்.

சென்னையில் இப்போது உள்ள இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2026-ஐ இலக்காகக் கொண்ட இந்தத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்கானது.

நிலம் எப்படிப் பிரிக்கப்படுகிறது?

குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம் போன்ற இடங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. மழைநீர் தேங்கவும் நிலத்தடியில் இறங்கவும் இடம் வேண்டும் இல்லையா, அதற்காகத்தான்.

புதிய மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியுள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைத்தே ஆக வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது?

அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் புதிதாக மனை விற்றால், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவுப்படி பத்திரம் பதிய முடியாது. அதனால் சிலர் விவசாய நிலமாகவே பத்திரம் போட்டுவிட்டு, "அப்ரூவல் அப்புறம் வாங்கிக்கலாம்" என்பார்கள். பத்திரம் பதிவாகிவிடும். ஆனால் வீடு கட்டத் திட்ட அனுமதி கேட்டுப் போகும்போது விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அனுமதி இல்லையென்றால் வங்கிக் கடனும் கஷ்டம்தான்.

வகைப்பாட்டை மாற்ற முடியுமா?

முடியும். சிஎம்டிஏ எல்லைக்குள் என்றால் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்து நிலங்களின் பயன்பாடு, சாலை வசதி, வெள்ள அபாயம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். கேட்டால் கிடைத்துவிடும் என்று நம்பிப் பணம் போடுவது ஆபத்து.

மக்கள் என்ன செய்யலாம்?

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் வைத்து சிஎம்டிஏ இணையதளத்தில் நிலப் பயன்பாட்டைப் பார்த்துவிடலாம். மனைப்பிரிவு அங்கீகார எண்ணைக் கேட்டு வாங்கி, அதையும் சரிபார்ப்பது நல்லது.

இன்னொன்றும் முக்கியம். 2027 முதல் 2046 வரையிலான மூன்றாவது மாஸ்டர் பிளான் சென்னைக்குத் தயாராகி வருகிறது. வரைவுத் திட்டம் வெளியானால், ஆட்சேபம் தெரிவிக்கக் குறைந்தது 2 மாத அவகாசம் தர வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் தெருவும் பக்கத்து ஏரியும் எந்த வகைப்பாட்டில் வருகின்றன என்று கேள்வி கேட்க அதுதான் சரியான நேரம். திட்டம் இறுதியான பிறகு மாற்றுவது லேசான வேலை இல்லை.