இரண்டு இன்வெர்ட்டர், ஒரே ஃபேஸ்

"இருக்கிற இன்வெர்ட்டர் ஏ.சி.யைத் தாங்க மாட்டேன் என்கிறது. இன்னொன்று வாங்கி இரண்டின் ஒயரையும் சேர்த்துவிட்டால் என்ன?" எலெக்ட்ரீஷியன்களிடம் பலரும் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பேட்டரியை அப்படித்தான் சேர்க்கிறோம். சோலார் பேனலையும் அப்படித்தான். இன்வெர்ட்டருக்கு மட்டும் என்ன தடை?

பேட்டரி தருவது டி.சி. 12 வோல்ட் என்றால் எந்தக் கணத்தில் அளந்தாலும் ஏறக்குறைய 12 வோல்ட்தான். இன்வெர்ட்டர் தருவது ஏ.சி. 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரி. உண்மையில் அது பிளஸ் 325 வோல்ட்டுக்கும் மைனஸ் 325 வோல்ட்டுக்கும் இடையே நொடிக்கு 50 சுற்று ஏறி இறங்குகிறது. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. இரண்டு இன்வெர்ட்டர்களுக்கும் தனித்தனிக் கடிகாரம். ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது அடியில் இருந்தால் இரண்டுக்கும் நடுவே 650 வோல்ட் நிற்கும்.

அவ்வளவு முரண்படக்கூட வேண்டாம். ஒரு முழுச் சுற்றை 360 டிகிரி என்று வைத்தால், வெறும் 10 டிகிரி பிந்தினாலே, அதாவது அரை மில்லி நொடிக்குச் சற்றுமேல் தாமதித்தாலே, இரண்டுக்கும் இடையே சுமார் 40 வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். நடுவில் இருக்கும் ஒயரின் மின்தடை அரை ஓம் என்றே தாராளமாகக் கணக்குப் போடுங்கள்: 80 ஆம்பியர் பாயும். 5 கிலோவாட் இன்வெர்ட்டரின் முழுத் திறனே ஏறத்தாழ 22 ஆம்பியர்தான். இந்த மின்சாரம் ஃபேனுக்கும் போகாது, லைட்டுக்கும் போகாது. ஒரு பெட்டியிலிருந்து கிளம்பி இன்னொரு பெட்டிக்குள் புகும். பாதுகாப்புச் சுற்று உடனே டிரிப் ஆனால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் வெடிக்கும். வீடுகளில் வைக்கும் சாதாரண இன்வெர்ட்டருக்குப் பக்கத்துப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது.

பேரலல் வசதி உள்ள மாடல்களில் அந்த வழியை வைத்திருக்கிறார்கள். பெட்டிகளுக்கிடையே ஒரு மெல்லிய தகவல் கேபிள் போகும். சிலவற்றில் மின்சாரத்தைச் சமமாகப் பங்கிட இன்னொரு கேபிளும் உண்டு. ஒரு பெட்டி மாஸ்டராக நின்று தாளம் கொடுக்க, மற்றவை அதைப் பின்பற்றும்.

கேபிளே இல்லாமலும் இதைச் சாதிக்கலாம். லோடு கூடக்கூட ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் அதிர்வெண்ணை மிகச் சிறிதளவு குறைத்துக்கொள்ளும்படி அமைத்துவிட வேண்டும். அதிகம் சுமக்கும் பெட்டி கொஞ்சம் பிந்தும். பிந்தியதும் அதன் சுமையில் ஒரு பங்கு மற்றதன் தலைக்கு மாறும். இரண்டும் சமமாகும்வரை இது தானாக நடக்கும். இதற்கு 'ட்ரூப்' முறை என்று பெயர். மின்நிலைய ஜெனரேட்டர்களில் முன்பே பழகிய இந்த உத்தியை இன்வெர்ட்டர்களுக்குப் பொருத்திக் காட்டிய முக்கியமான ஆய்வுக் கட்டுரை 1993-இல் வந்தது. எழுதியவர்கள் சந்தோர்கர், திவான், அடபா. இவர்களில் முகுல் சந்தோர்கர் பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு பெட்டிகளும் ஒரே மாடலாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே ஓடும் மென்பொருளின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பேட்டரித் தொகுப்பில்தான் இணைய வேண்டும். 48 வோல்ட்டில் 5 கிலோவாட் இழுத்தால் பேட்டரி ஒயரில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். அந்த அளவில் ஒரு மில்லி ஓம் கூடுதல் மின்தடைகூட 0.1 வோல்ட்டைத் தின்றுவிடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே தடிமன், தனித்தனி ஃபியூஸ். ஒயர் முனையில் மாட்டும் லக்கை ஒழுங்காகக் கிரிம்ப் செய்யாமல் சுத்தியலால் தட்டி முடிக்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஈ.பி. இணைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் ஒரு பெட்டிக்கு ஒரு ஃபேஸிலிருந்தும் மற்றதற்கு வேறு ஃபேஸிலிருந்தும் இன்புட் எடுத்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே 400 வோல்ட். சிங்கிள் ஃபேஸ் பேரலலில் இரண்டு இன்புட்டும் ஒரே ஃபேஸிலிருந்து வர வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியையும் தனியாக ஓட்டி வோல்டேஜ், அதிர்வெண் சரிபார்த்த பிறகு, செட்டிங்கில் 'சிங்கிள்' என்பதை 'பேரலல்' ஆக்க வேண்டும். பல மாடல்களில் சுவிட்சை ஆஃப் செய்தால்தான் இதை மாற்றவே விடும். பிறகு அவுட்புட் எம்.சி.பி.க்கள் ஆஃபில் இருக்க, லோடு எதுவும் இல்லாமல் ஆன் செய்யுங்கள். ஒரு திரையில் மாஸ்டர் என்றும் மற்றதில் ஸ்லேவ் என்றும் குறி வரும்.

அந்தக் குறியை மட்டும் நம்பக் கூடாது. நியூட்ரல்கள் இணைந்திருக்கட்டும். மல்டிமீட்டரை 600 வோல்ட் ஏ.சி.யில் வைத்து, ஒரு முனையை முதல் பெட்டியின் ஃபேஸிலும் மறுமுனையை இரண்டாவதன் ஃபேஸிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இரண்டும் ஒத்துப்போகின்றன. 460-ஐ ஒட்டிக் காட்டினால் நேர் எதிராக ஓடுகின்றன. எண் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, மறுபடி ஏறினால் பெட்டிகள் ஒன்றையொன்று கேட்கவே இல்லை: ஒன்று 50.0 ஹெர்ட்ஸிலும் மற்றது 50.1-லும் ஓடினால், 10 நொடிக்கு ஒருமுறை மீட்டர் பூஜ்யத்துக்கும் 460-க்கும் இடையே போய்த் திரும்பும். இ.இ.இ. படித்தவர்கள் லேபில் செய்த 'டார்க் லாம்ப்' சோதனைதான் இது. அங்கே பல்பு, இங்கே மீட்டர்.

பூஜ்யம் வந்த பிறகே எம்.சி.பி.யைப் போட வேண்டும். முதல் லோடு ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ போன்றதாக இருக்கட்டும், மோட்டார் வேண்டாம். கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொரு பெட்டியின் அவுட்புட் ஒயரையும் கவ்விப் பாருங்கள். 2 கிலோவாட் ஹீட்டர் இழுக்கும் ஏறத்தாழ 9 ஆம்பியர், கிட்டத்தட்ட நாலரை நாலரையாகப் பிரிய வேண்டும். ஒன்று 7, மற்றது 2 என்றால் ஒயர் நீளத்தையும் பங்கீட்டுக் கேபிளையும் பாருங்கள். ஒயர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்ற நினைப்பும் இங்கே சரிவராது. அவுட்புட் ஒயரின் கொஞ்ச மின்தடைதான் பங்கீட்டைச் சமன் செய்ய உதவுகிறது. அளவுக்கு மீறித் தடிமனாகவோ குட்டையாகவோ போடாதீர்கள் என்று கையேட்டிலேயே எச்சரிக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு.

கடைசியாக மோட்டார். கிளம்பும்போது அது ஓடும் மின்சாரத்தைப்போல 5 முதல் 7 மடங்குவரை இழுக்கும். பங்கீடு சரியாக இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

5-உம் 5-உம் 10 என்று கணக்குப் போட்டு முழு 10 கிலோவாட்டையும் ஏற்றாதீர்கள். பங்கீடு ஒருபோதும் துல்லியமாக இராது. ஒரு பெட்டி டிரிப் ஆனால் மொத்தச் சுமையும் மற்றதன்மேல் விழுந்து அதுவும் நிற்கும். ஒன்று பழுதானாலும் வீட்டில் விளக்கு எரிய வேண்டும் என்றால் அவசியமான லோடு 5 கிலோவாட்டுக்குள் இருக்க வேண்டும். வாங்கும்போதே பேரலல் வசதி உண்டா, அதற்கான கேபிள் பெட்டியோடு வருமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.