வெயில்ல ஓடினா உடம்பு என்ன பண்ணும்?

தோழிகளே, ஜூன்ல பள்ளி திறந்ததும் கோ-கோ பயிற்சி. முதல் நாள் 2 ரவுண்டிலேயே எனக்குக் கண் இருட்டியது. 12-ஆம் நாள் அதே வெயில்ல 6 ரவுண்டு ஓடினேன்!

தினமும் வெயிலில் ஓடினால் 10 முதல் 14 நாளில் உடம்பு பழகிவிடும். இரத்தத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி கூடும். இதயம் ரொம்பப் படபடக்காது. வியர்வை சீக்கிரமே வரும், அதில் உப்பு குறையும். நக்கிப் பார்த்தேன், கரிப்பு குறைவுதான். சிரிக்காதீங்க!

ஆனால் வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். நம்ம தாம்பரம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், சீக்கிரம் காயாது. பழகினவங்களும் விழலாம். 2016 ரியோ ஒலிம்பிக் மாரத்தானை ஓடி முடித்ததுமே நம் நாட்டு ஓ.பி.ஜெய்ஷா மயங்கி விழுந்தார்.

ஒரு மாதம் ஓடாவிட்டால் பழகியதெல்லாம் போய்விடும். கோடை லீவு முடிஞ்சா மறுபடி முதல்ல இருந்துதான். பி.டி. டீச்சர், அந்த முதல் வாரம் மட்டும் ரவுண்டைக் குறைக்கலாமா?