பிடித்த புத்தகமா, பிடித்துக் கொடுத்த புத்தகமா?

பெண் பார்ப்பதைவிடக் கஷ்டமான காரியம் ஒன்று இருக்கிறது. புத்தகம் என்றாலே ஓடுகிற பையனுக்கு 'எனக்குப் பிடித்த புத்தகம்' ஒன்று பார்த்துத் தருவது!

நான் குடியிருப்பது ஆரம்பாக்கத்தில். பெயர்தான் ஆரம்பம், தமிழ்நாடு முடிகிற இடம் இது. ஹைவேஸில் இன்னும் கொஞ்சம் போனால் தடா, ஆந்திரா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை, இங்கே மாடியில் ஒரு ரூம். வீட்டுக்காரர் குடும்பம் வீட்டில் பேசுவது தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

அவர்கள் பையன் ஏழாம் வகுப்பு.

"தம்பி, நீங்கதான் ரயில்ல வரும்போதுகூடப் படிச்சிட்டே வர்றீங்களே... இவனுக்கு ஒரு புஸ்தகம் பாத்துக் குடுங்க. வர்ற திங்கக்கிழமை கிளாஸ்ல ரெண்டு நிமிஷம் பேசணுமாம்" என்றார் வீட்டுக்கார அம்மா.

பையன் என்னைத் தனியாக ஓரம் கட்டினான். "பேரு மட்டும் சொல்லுங்கண்ணா, போதும். பிடிச்சிருக்குன்னு நான் சொல்லிக்கிறேன்."

ஆபீஸில் விசாரித்தேன். அக்கவுண்ட்ஸ் சீனியர் யோசிக்காமல் 'பொன்னியின் செல்வன்' என்றார். ஐந்து பாகம். பையன் ரிடையர் ஆவதற்குள் முடித்துவிடலாம். இன்னொருவர் 'சத்திய சோதனை' என்றார். "நீங்க படிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டேன். "வீட்ல இருக்கு" என்றார். ஸ்டோர்ஸ் நண்பர் மட்டும் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே 'முத்து காமிக்ஸ்' என்றார். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து கிளம்பிய அதே முத்து காமிக்ஸ்தான். பழைய இதழ்களை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் அவருக்குத் தமிழே சரளமாக வந்ததாம். தனக்கு நிஜமாகப் பிடித்ததைச் சொன்னவர் அவர் ஒருத்தர்தான்!

அன்று ராத்திரி மொட்டை மாடியில் பையனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"சத்தமாப் படின்னு எழுப்பி விடறாங்கண்ணா. எனக்கு 'ழ' வராது. பசங்க சிரிக்கிறாங்க."

விஷயம் அதுதான். வெறுப்பு இல்லை, பயம். 'இவன் புத்தகமே தொட மாட்டான்' என்று ஊரே பட்டம் கட்டிவிட்ட பிறகு, அவனும் அதை நம்ப ஆரம்பித்திருந்தான். இந்தத் திங்கட்கிழமையும் சிரித்துவிட்டார்கள் என்றால் அப்புறம் நிஜமாகவே தொட மாட்டான்.

நம் சீர்காழிக்காரர் ஒருவர் கதை இந்த இடத்தில் ஞாபகம் வந்தது. எஸ்.ஆர். ரங்கநாதன். பிரசிடென்சி காலேஜில் கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன கொஞ்ச நாளிலேயே 'தனிமை தாங்கவில்லை, பழைய வேலையே கொடுங்கள்' என்று காலேஜுக்கே திரும்பி வந்து நின்றார். 'லண்டன் போய் நூலகங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம்' என்றார்கள். போய்ப் பார்த்தவர் அப்புறம் நூலகத்தை விடவே இல்லை. இந்திய நூலகத் துறைக்கே தந்தையாகிவிட்டார்! 1931-ல் அவர் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டு நமக்கு வேண்டியவை: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு.

அதாவது, 'நல்ல புத்தகம் எது?' என்று தேடக் கூடாது. 'இந்தப் பையன் யார்?' என்று முதலில் பார்க்க வேண்டும்.

"சரி, உனக்கு என்னடா பிடிக்கும்?"

"ஏரி."

பழவேற்காடு ஏரிதான். அப்பாவோடு அடிக்கடி போவானாம். "பூநாரை இருக்குல்ல, அது தலையக் கவுத்து வெச்சிக்கிட்டுதான்ணா தின்னும். அலகைத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு, சேத்தை வடிகட்டிடும்" என்று ஆரம்பித்தவன் அரை மணி நேரம் நிறுத்தவில்லை. ரெண்டு நிமிஷம் பேசப் பயந்த பையன்!

அந்த வார லீவில் சென்னையில் பழைய புத்தகக் கடை ஏறி இறங்கி, மூன்று ஒல்லிப் புத்தகங்கள் வாங்கி வந்தேன். பாயில் பரப்பி, "பத்துப் பக்கம் பாரு. பிடிக்கலைன்னா மூடி வெச்சிடு" என்றேன்.

"பாதியில மூடலாமாண்ணா? தப்பில்லையா?"

தப்பே இல்லை. டேனியல் பென்னாக் என்று ஒரு பிரெஞ்சு எழுத்தாளர், அவரும் வாத்தியார்தான். வாசகனுக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று 1992-லேயே எழுதி வைத்திருக்கிறார். பக்கங்களைத் தாண்டிப் போகலாம், முடிக்காமல் விடலாம், படிக்காமலேகூட இருக்கலாம்!

முதல் புத்தகம் நாலாம் பக்கத்தில் அவுட். இரண்டாவது அட்டையிலேயே அவுட். மூன்றாவது, ஜமால் ஆரா எழுதிய 'பறவைகளைப் பார்'. நேஷனல் புக் டிரஸ்ட் குழந்தைகளுக்காகப் போட்டது. ஆங்கில மூலம் 1970-ல் வந்தது. எழுதிய அம்மா பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. காடு காடாகச் சுற்றிப் பறவைகளைப் பார்த்தே பேர் வாங்கியவர். இதைச் சொன்னதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பக்கம் புரண்டது. உதடு மட்டும் அசைந்தது. சத்தம் இல்லை. சிரிக்க ஆளும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி: "இவங்க நம்ம ஏரிக்கு வந்திருப்பாங்களாண்ணா?"

திங்கட்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்தால், வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு நிமிஷம் தாண்டிடுச்சுண்ணா. போதும், உக்காருன்னு மிஸ் சொல்லிட்டாங்க!"

"'ழ' வந்துச்சா?"

"எங்க வந்துச்சு? பளவேற்காடுன்னுதான் சொன்னேன். யாரும் சிரிக்கல. பூநாரை ஏன் தலைகீழா திங்குதுன்னுதான் எல்லாரும் கேட்டாங்க."

பிரம்மச்சாரிகளே, உங்கள் வீட்டுக்காரர் பையனோ அக்கா மகனோ இப்படி வந்து நிற்கிற நாள் ஒன்று வரத்தான் போகிறது. உங்களுக்குப் பிடித்த புத்தகத்தை அவன் தலையில் கட்டாதீர்கள். ஊர் நூலகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1948-ல் வந்த சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறார்கள். போகாமல் இருந்தால்தான் நஷ்டம். அலமாரியைக் காட்டிவிட்டு, நீங்கள் பேப்பர் படிக்கப் போய்விடுங்கள். நாலு புத்தகத்தைப் புரட்டி, மூன்றை அவனே வேண்டாம் என்று வைக்கட்டும். அதற்கு மட்டும் அவசரப்படுத்தாமல் நேரம் கொடுங்கள்.