கண் சிவப்பு மீள்வது ஏன்?

கண் சிவந்தால் ‘கண்வலி’ என்று ஒரே பெயரிட்டு அமைந்துவிடுதல் தமிழரிடையே நெடுநாளைய வழக்கம். ஜாலான் புசார், சிராங்கூன் சாலை வட்டாரத்திலும் இச்சொல்லே வழங்குகிறது. இதனுடன் ‘மெட்ராஸ் ஐ’ என்னும் பெயரும் கடல் கடந்து வந்துள்ளது. ஆயின், இவ்விரு பெயர்களுக்குள் பல நோய்கள் அடங்கிக் கிடக்கின்றன. பெயரைக் கேட்ட அளவில் மருந்தை வாங்கிவிடுவதால் விளையும் கேடு சிறிதன்று.

‘மெட்ராஸ் ஐ’ என்பது சென்னையின் பெயரைத் தாங்கியிருப்பினும், அவ்வகைக் கொள்ளைக் கண்நோயைத் தோற்றுவிக்கும் வைரஸ்களுள் ஒன்றான காக்சாக்கி ஏ24 திரிபு முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது சிங்கப்பூரிலேயாகும். 1970இல் இங்குக் கண்நோய் பரவியபோது அது கண்டறியப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இத்தகைய கண்நோய் ஒன்று தோன்றிற்று. மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டு அது. ஆகவே அந்நாட்டு மக்கள் அதனை ‘அப்பல்லோ நோய்’ என்றே அழைத்தனர்! கையும் துண்டும் வழியாகப் பரவும் இந்நோய் ஒரே வீட்டில் பலரை ஒருங்கே பற்றும். பெரும்பாலும் பத்து நாளுக்குள் தானே அடங்கும். கை கழுவுதலும், தனித் துண்டு வைத்துக்கொள்ளுதலும், குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இமைமேல் இடுதலும் போதும்.

மாதந்தோறும் மீளும் சிவப்பு வேறு வகையினது. அரிப்பு மிகுந்து, இரு கண்களும் சிவந்து, தும்மலும் உடன் வருமாயின், அது பெரும்பாலும் ஒவ்வாமையே. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் மெத்தை, தலையணைகளில் கண்ணுக்குப் புலப்படாத தூசிப்பூச்சிகள் செழித்து வளர்கின்றன. படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் வெந்நீரில் வெளுப்பதும், மருத்துவர் தரும் ஒவ்வாமைச் சொட்டுமருந்தும் இதற்குப் பயன்படும். கண்ணைக் கசக்குதல் மட்டும் கூடாது. இடைவிடாது கசக்கினால் கருவிழியின் வடிவே கெடலாம். வகுப்பில் ஓயாது கண்ணைக் கசக்கும் சிறுவனைக் கண்டால் ஆசிரியர் பெற்றோருக்குத் தெரிவித்தல் நன்று.

காலையில் இமையோரத்தில் பொருக்குக் கட்டி, கண் எரிந்து சிவப்பது இமை அழற்சி. வெதுவெதுப்பான துணியை ஐந்து முதல் பத்து நிமிடம் ஒற்றி, இமை விளிம்பைத் துடைத்துவர வேண்டும். சில நாளில் விட்டுவிட்டால் நோய் திரும்பிவிடும். பல் துலக்குவதுபோல் இதனையும் அன்றாட வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுவதே. குளிர்சாதன அறையில் நெடுநேரம் திரையைப் பார்ப்போர்க்குக் கண் உலர்ந்து சிவப்பதும் உண்டு.

ஒளியைப் பார்க்கவே கூசி, ஆழ்ந்த வலியுடன் கண் சிவந்து, சில மாதங்கள் கழித்து அதே கண்ணிலோ மற்றதிலோ மீண்டும் வருமாயின், அழற்சி விழியின் உட்புறத்தில் இருக்கக்கூடும். இவர்களுள் சிலருக்குக் காலையில் முதுகு விறைப்பும் காணப்படும். கண்ணுக்கும் முதுகெலும்புக்கும் என்ன தொடர்பு என்று வியப்போர் உண்டு. இரண்டிலும் அழற்சியை உண்டாக்கும் மூட்டுநோய் ஒன்று உள்ளதே தொடர்பு. முதுகு விறைப்பையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

இனி, பெருங்கேடு எங்கே உள்ளது? சென்ற முறை மீந்த மருந்துக் குப்பியில்! சிவப்பை உடனே வெளுக்கச் செய்யும் சில சொட்டுமருந்துகள் குருதிக் குழாய்களைச் சுருக்குவனவே. பலநாள் இட்டு நிறுத்தினால் சிவப்பு முன்னினும் மிகும். ஸ்டீராய்டு கலந்த சொட்டுமருந்தோ இன்னும் கொடியது. உள்அழற்சிக்கு மருத்துவர் மேற்பார்வையில் இன்றியமையாததாக விளங்கும் அதே மருந்து, தன் விருப்பப்படி மாதக்கணக்கில் இடுவோர் சிலருக்கு விழியிலிருந்து நீர் வடியும் வழியைத் தடைப்படுத்தி, உள்ளழுத்தத்தை உயர்த்தும். அவ்வழுத்தம் பார்வை நரம்பை அரிக்கும்போது வலி தோன்றுவதில்லை. கண்ணும் வெண்மையாகவே இருக்கும். நரம்பு இழந்த பார்வையை மீட்க வழியில்லை. தாய்ப்பால், பூச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுதலும் கிருமியை வரவேற்பதாகவே முடியும்.

பார்வை மங்கல், கடும் வலி, ஒளிக்கூச்சம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும், தொடுவில்லை அணிவோர்க்குக் கண் சிவப்பினும், அன்றைக்கே மருத்துவரைக் காணல் வேண்டும். வில்லையை உடனே கழற்றிவிட வேண்டும். வீட்டில் உள்ள எல்லாச் சொட்டுமருந்துக் குப்பிகளையும் கையோடு எடுத்துச் சென்று காட்டினால், எதனை எத்தனை நாள் இட்டது என்பதும் மருத்துவருக்கு விளங்கும்.